அப்பா அம்மா சிங்கப்பூர் வருகிறார்கள்: பத்து நாள், எங்கெங்கே சாப்பிடக் கூட்டிப்போகலாம்?

கந்தகபூமி
மே 11, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நான் விருதுநகர்க்காரன். சிங்கப்பூர் வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம்தான் மனைவியும் நானும் செங்காங்கில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டை வாடகைக்கு எடுத்தோம். ஜூன் நடுவில் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக வருகிறார்கள். பத்து நாள் இருப்பார்கள்.

அப்பாவுக்கு 67 வயது. ஆட்டுக்கறி என்றால் உயிர். மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் சாப்பிட மாட்டார். புரோட்டா விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. எங்கள் ஊர் எண்ணெய்ப் புரோட்டாவில் வளர்ந்தவர். அம்மா ஒரு வேண்டுதலுக்காக ஆறு வருடம் முன்பு அசைவத்தை விட்டுவிட்டார், முட்டையும் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ரொம்ப தூரம் நடக்க முடியாது.

விலங்குத் தோட்டம், செந்தோசா எல்லாம் முடிவு செய்துவிட்டேன். சாப்பாட்டில்தான் குழப்பம். லிட்டில் இந்தியாவிலேயே மூன்று வேளையும் சாப்பிட வைத்து அனுப்பினால் விருதுநகரில் சாப்பிட்டது போலத்தானே இருக்கும்? இந்த ஊரை அவர்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எங்கே போகலாம், எதைக் கேட்டு வாங்கலாம் என்று விவரமாகச் சொல்லுங்கள்.


தேக்காவாசி
மே 11, இரவு 10:25

தம்பி, நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தேக்காவை, அதாவது லிட்டில் இந்தியாவைத் தாண்டிப் போக வேண்டும் என்கிறீர்கள். சரிதான். ஆனால் அதற்கு முன் ஒரு நாள் தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் உட்காருங்கள். விருதுநகரிலும் மதுரையிலும் சென்னையிலும் கிடைக்காத தமிழ்ச் சாப்பாடு அங்கே இருக்கிறது.

இந்தியன் ரொஜாக் கடைக்கு முன்னால் போய் நில்லுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வடை, மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு, டோஃபு, டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), அவித்த முட்டை, இறால் பதித்த மொறுமொறு வடை எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் கைகாட்டுவதை எடுத்துத் துண்டு போட்டு மறுபடி சூடாக்கித் தருவார்கள். கூடவே வெள்ளரிக்காய், வெங்காயம், பச்சை மிளகாய். அப்புறம் ஒரு கிண்ணத்தில் செம்மஞ்சள் குழம்பு வரும். இனிப்பும் காரமும் கலந்தது, சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்த்துக் கெட்டியாக்கியது. இந்தக் குழம்பைத் தமிழ்நாட்டில் எங்கும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது மீ கோரிங். நூடுல்ஸ் சீனர்களுடைய மஞ்சள் மீ. பெயர் மலாய். வாணலியில் புரட்டுகிறவர் தமிழ் முஸ்லிம். தக்காளி சாஸ், மிளகாய், உருளைக்கிழங்கு, முட்டை, கொஞ்சம் ஆட்டுக்கறி எல்லாம் சேர்ந்து சிவப்பாக வரும். ஒரே தட்டில் மூன்று இனமும் இருக்கிறது. இந்த ஊரை அப்பாவுக்கு விளக்க அந்தத் தட்டைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இறால் வடையைத் தனியாகவும் வாங்குங்கள். ஒரு கடி வடை, ஒரு கடி பச்சை மிளகாய். அப்படித்தான் இங்கே சாப்பிடுவது.

அம்மாவுக்கு இவற்றில் எதுவும் ஆகாது என்று தெரியும். அதற்கு வேறு யாராவது நல்ல யோசனை சொல்வார்கள்.


ஜூரோங் மேற்கு
மே 12, காலை 7:15

மாற்றுக் கருத்து ஒன்று. என் மாமனார் மாமியார் வந்தபோது நானும் உங்களைப் போலத்தான் பட்டியல் போட்டேன். முதல் இரண்டு நாள் ஆசையாகச் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் மாமனார், "கொஞ்சம் ரசம் மட்டும் கிடைக்குமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். எனக்கு மனசே கேட்கவில்லை. அவர்களுக்கு நான் காட்ட நினைத்ததையே யோசித்தேனே தவிர, அவர்கள் வயிற்றை யோசிக்கவில்லை.

அதனால் ஒரு நாளில் ஒரு வேளைதான் புதிது. மற்ற இரண்டு வேளையும் வீட்டுச் சமையலோ நம் சாப்பாடோ இருக்கட்டும். சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947இலிருந்து இருக்கிறது. ஆனந்த பவன் இன்னும் பழசு, 1924. மதியம் இலையில் சோறு, சாம்பார், ரசம், மோர் என்று சாப்பிட்டால் அவர்கள் முகம் தெளிந்துவிடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நூறு வருடமாக இந்த ஊரில் நடக்கும் சாப்பாடும் இந்த ஊர்ச் சாப்பாடுதானே?


கடையநல்லூர்ப் பேரன்
மே 12, பிற்பகல் 1:50

புரோட்டா என்று கேட்டதும் எழுத வந்துவிட்டேன். எங்கள் தாத்தா கடையநல்லூரிலிருந்து கப்பலில் வந்தவர். தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் நிறையப் பேர் அந்தக் காலத்தில் தஞ்சோங் பகாரில்தான் குடியிருந்தார்கள். பாட்டி அம்மியில் மசாலா அரைத்து விற்றுத்தான் என் அத்தைமாரைப் படிக்க வைத்தார்.

முதலில் புரோட்டா. அப்பாவிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி வையுங்கள். இது விருதுநகர்ப் புரோட்டா இல்லை. உங்கள் ஊரில் எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரிப்பீர்கள், சால்னாவைக் குளமாக ஊற்றுவீர்கள். இங்கே மாவைக் காற்றில் வீசி விரித்து, மடித்து, கல்லில் சுடுவார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. குழம்பு தனிக் கிண்ணத்தில் வரும், மீன் குழம்போ ஆட்டுக் குழம்போ கேட்டு வாங்க வேண்டும். சிலர் சீனி தொட்டுச் சாப்பிடுவார்கள், திகைக்க வேண்டாம். வெறும் புரோட்டாவுக்குக் 'கோசோங்' என்று சொல்லுங்கள். மலாயில் கோசோங் என்றால் ஒன்றுமில்லாதது. இரண்டையும் ஒப்பிடாமல் சாப்பிட்டால் இரண்டும் பிடிக்கும். ஜாலான் காயு உங்கள் செங்காங்குக்குப் பக்கம்தான், புரோட்டாவுக்கே பெயர் போன தெரு. இரவு பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் உங்கள் அப்பாவுக்காக நான் சொல்ல வந்தது சூப் தூலாங். தூலாங் என்றால் எலும்பு. ஆட்டின் கால் எலும்பை, தக்காளியும் மிளகாயும் மசாலாவும் போட்ட கெட்டியான சிவப்புக் குழம்பில் வேகவைத்துத் தருவார்கள். கையால்தான் எடுக்க வேண்டும். எலும்பைத் தட்டி மஜ்ஜையை உறிஞ்ச வேண்டும், வராவிட்டால் உறிஞ்சுகுழாய் தருவார்கள். மிச்சக் குழம்பை ரொட்டித் துண்டால் துடைத்துச் சாப்பிட வேண்டும். இந்த ஊர்த் தமிழ் முஸ்லிம்கள் உருவாக்கிய பண்டம் இது. பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவங்காடி நிலையத்தில் நாலைந்து கடைகள் உண்டு, ஹாஜி காதிர் கடை எல்லாருக்கும் தெரிந்தது. சாயங்காலம் போங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம்.

அங்கிருந்து பக்கம்தான் சுல்தான் பள்ளிவாசல். எதிரே சம் சம் உணவகம், 1908இல் தொடங்கியது. ஆட்டுக்கறி முர்தபாக் வாங்குங்கள், உள்ளே கறி வைத்து மடித்த புரோட்டா அது. சின்னதே இரண்டு பேருக்குப் போதும்.


மல்லிப்பூ
மே 12, இரவு 8:05

தம்பி, உங்கள் அம்மாவைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். நான் சைவம். இந்த ஊரில் இருபத்திரண்டு வருடமாக வெளியே சாப்பிடுகிறேன். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே சிராங்கூன் சாலையை விட்டால் வழியில்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது சரியில்லை.

அம்மாவை வாட்டர்லூ தெருவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் இருக்கிறது, 1870இல் ஆலமரத்தடியில் தொடங்கியது. நாலு எட்டு வைத்தால் குவான் இம் சீனக் கோயில். குவான் இம் கும்பிட்டுவிட்டு வரும் சீனர்கள் நம் கிருஷ்ணன் சன்னதிக்கு முன்னாலும் ஊதுவத்தி ஏற்றி வணங்கிவிட்டுப் போவார்கள். அந்தக் காட்சியை உங்கள் அம்மா பார்க்க வேண்டும்.

கோயிலுக்கு வருகிறவர்களுக்காகவே அந்த வட்டாரத்தில் சீனச் சைவக் கடைகள் நிறைய. பக்கத்தில் மிடில் ரோட்டில் ஃபார்ச்சூன் சென்டர் என்ற கட்டடம், அதற்குள் சைவ உணவகங்கள் பல. சீனர்கள் பலர் அவர்கள் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுவார்கள், அன்று கூட்டம் தாங்காது. பௌத்த சைவம் என்பதால் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். சுவை மென்மையாக இருக்கும். அம்மாவுக்குச் சப்பென்று தோன்றினால் மிளகாய்ச் சாந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 'முட்டை இல்லாமல்' என்று மட்டும் கட்டாயம் சொல்லுங்கள், சில கடைகளில் முட்டை உண்டு. கோழி, மீன் வடிவத்தில் சோயாவில் செய்தவையும் வரும். அதைப் பார்த்து அம்மா சங்கடப்படக்கூடும், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று 'லேய் ச்சா' சோறு. ஹக்கா சீனர்களுடையது. சோற்றின் மேல் பொடியாக நறுக்கிய கீரை, பீன்ஸ், டோஃபு, வறுத்த வேர்க்கடலை. கூடவே பச்சைத் தேயிலை, புதினா, துளசி வகை இலைகளை அரைத்துக் கரைத்த சாறு. ஊற்றிப் பிசைந்து சாப்பிடலாம். நெத்திலி, உலர்ந்த இறால் போடாமல் தரச் சொல்ல வேண்டும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'சம்பால் கங்கோங்' என்று கீரை வதக்கல் வரும். பார்த்தால் சுத்த சைவம். ஆனால் சம்பாலில் பெலாச்சான் இருக்கும், அதாவது இறாலைப் புளிக்கவைத்து அரைத்த விழுது. லக்சா என்கிற தேங்காய்ப்பால் நூடுல்ஸ் குழம்பிலும் உலர்ந்த இறால் உண்டு. வந்த புதிதில் எனக்கு யாரும் சொல்லவில்லை, ஒரு வருடம் தெரியாமலே சாப்பிட்டேன். தெரிந்த அன்று அழுதேன். உங்கள் அம்மா வேண்டுதலில் இருப்பவர், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.


கந்தகபூமி
மே 12, இரவு 9:30

மல்லிப்பூ அக்கா, ரொம்ப நன்றி. பெலாச்சான் விஷயம் எனக்கும் தெரியாது. போன வாரம்தான் அந்தக் கீரையைப் பார்த்து "அம்மாவுக்கு ஆகும்" என்று குறித்து வைத்தேன்.

ஜூரோங் அண்ணே, நீங்கள் சொன்னதும் மனதில் பட்டது. ஒரு வேளை புதிது என்ற கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். உணவங்காடி நிலையங்களில் இடம் பிடிப்பதே எனக்குப் பாடாக இருக்கிறது. அம்மாவை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது?


கோப்பி ஓ
மே 13, காலை 6:20

காலைக் கோப்பியோடு பதில் எழுதுகிறேன். நேரம்தான் முக்கியம். வேலை நாளில் 11:30க்கும் 1:30க்கும் நடுவில் தஞ்சோங் பகார், ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் போகவே வேண்டாம். பதினொன்றுக்கு முன்னாலோ இரண்டுக்குப் பின்னாலோ போனால் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரலாம். சில மேசைகளில் ஆளே இருக்காது, ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் மட்டும் இருக்கும். 'சோப்' செய்த இடம் அது, யாரோ பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காராதீர்கள். நீங்கள் அம்மாவையே முதலில் உட்கார வைத்துவிடுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே திருப்பி வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டம். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு, மற்றதற்குத் தனி அடுக்கு, மாற்றி வைக்கக் கூடாது. அப்பாவுக்கு இதைக் காட்டுங்கள். இந்த ஊர் எப்படி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறது என்பது அந்த இரண்டு அடுக்கைப் பார்த்தாலே விளங்கும். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்ததும் இந்த உணவங்காடிக் கலாசாரத்தைத்தான். இதே கடைக்காரர்களின் அப்பாக்கள் தெருவில் தள்ளுவண்டி வைத்திருந்தவர்கள். அரசாங்கம் அவர்களைப் பதிவு செய்து, தண்ணீர் குழாயும் சாக்கடை வசதியும் உள்ள நிலையங்களைக் கட்டி, 1986க்குள் எல்லாரையும் உள்ளே கொண்டுவந்தது.

அப்புறம் கோப்பி. இங்கே 'கோப்பி' என்று மட்டும் கேட்டால் கெட்டிப்பாலும் சீனியும் போட்டுத் தருவார்கள், நம் ஊர்க்காரர்களுக்கு முதல் வாயிலேயே திகட்டும். கெட்டிப்பால் இல்லாமல் கறுப்பாக, சீனியோடு வேண்டுமென்றால் கோப்பி ஓ. சீனியும் வேண்டாமென்றால் கோப்பி ஓ கோசோங். கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத சுண்டக் காய்ச்சிய பாலும் சீனியும் வேண்டுமென்றால் கோப்பி சி. சீனி குறைவாக என்றால் 'சியு தாய்', கெட்டியாக என்றால் 'காவ்', ஐஸ் போட்டு என்றால் 'பெங்'. கொட்டையை வெண்ணெயும் சீனியும் சேர்த்து வறுப்பார்கள், அதனால்தான் அந்தக் கருமை. நீளத் துணிப்பையில் வடிகட்டுவதை அப்பா நின்று பார்க்கட்டும். எங்கள் ஊர் டீக்கடை மாஸ்டரும் இப்படித்தான் துணியில் வடிப்பார். உங்கள் அப்பாவுக்குக் 'கோப்பி சி சியு தாய் காவ்' என்று கேளுங்கள், விருதுநகர் வாய்க்கு அதுதான் ஒத்துவரும்.

மறந்துவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிலையத்தையும் கழுவிச் சுத்தம் செய்ய மூடுவார்கள். போவதற்கு முன் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவை டாக்சியில் கூட்டிப்போய்ப் பூட்டிய நிலையத்தின் முன் நிற்க வேண்டாம்.


பாசிர்ரிஸ் அலை
மே 13, காலை 11:45

சில்லி கிராப் சாப்பிட வைக்காமல் அனுப்பாதீர்கள். 1950களில் காலாங் ஆற்றோரம் ஒரு தம்பதியின் தள்ளுவண்டியில் தொடங்கியது என்பார்கள். தக்காளியும் மிளகாயும் முட்டையும் சேர்ந்த குழம்பு. பொரித்த மந்தாவ் ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிடுவதற்கே போகலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நண்டு எடைக்கு விலை. போன வருடம் நான் என் பெற்றோரைக் கூட்டிப்போன ஒரு கடலுணவுக் கடையில் எடையும் கேட்கவில்லை, விலையும் கேட்கவில்லை. பில் வந்ததும் அப்பா கையை நாப்கினில் துடைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க, "எனக்காக இவ்வளவு செலவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நண்டின் ருசியே அவருக்கு நினைவில்லாமல் போயிற்று. நீங்கள் முதலிலேயே கேளுங்கள், ஒரு கிலோ எவ்வளவு, இந்த நண்டு எத்தனை கிலோ என்று. டுரியானுக்கும் இதே கதைதான். ஜூனில் டுரியான் காலம் தொடங்கிவிடும், கேலாங்கில் பழத்தைக் கண்முன்னே எடை போட்டு விலை சொன்ன பிறகு வெட்டச் சொல்லுங்கள். மிச்சத்தை எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோக முடியாது, அங்கேயே சாப்பிட்டுவிட வேண்டும்.

கோழிச்சோற்றுக்கு மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். தியான் தியான் கடை.


தேக்காவாசி
மே 13, பிற்பகல் 12:30

மேக்ஸ்வெல்லில் அந்த வரிசை வெயில் நேரத்தில் முக்கால் மணி நேரம் போகும். ருசி நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வயதானவர்களை வைத்துக்கொண்டு அந்த வரிசை வேண்டாம் என்பது என் கருத்து. கோழிச்சோறு இந்த ஊரில் ஏறக்குறைய எல்லா உணவங்காடி நிலையத்திலும் உண்டு. கடையில் தொங்கும் கோழியைப் பார்க்காதீர்கள், சோற்றைப் பாருங்கள். கோழிக் கொழுப்பிலும் சாற்றிலும் இஞ்சி, பூண்டு, பாண்டான் இலை போட்டு வேகவைத்த சோறு உதிரியாக, மினுமினுப்பாக இருக்க வேண்டும். சோறு நன்றாக இருக்கும் கடையில் கோழியும் நன்றாகவே இருக்கும். உங்கள் புளோக்குக்குக் கீழேயே அப்படி ஒரு கடை இருக்கலாம்.


பாசிர்ரிஸ் அலை
மே 13, பிற்பகல் 12:50

அண்ணே, புளோக்குக்குக் கீழே இருப்பதை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்ல ஒரு பெயர் வேண்டாமா? மேக்ஸ்வெல்லுக்கு வாசலிலேயே 2022இல் எம்ஆர்டி வந்துவிட்டது. நடையே கிடையாது. மகன் வரிசையில் நிற்கட்டும், அப்பா அம்மா உட்கார்ந்து கரும்புச் சாறு குடிக்கட்டும்.


தேக்காவாசி
மே 13, பிற்பகல் 1:05

மகன் வரிசையில் நிற்பது என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன்.


ஜூரோங் மேற்கு
மே 13, மாலை 6:40

நம் சாப்பாடு, இந்த ஊர்ச் சாப்பாடு என்று நான் பிரித்துப் பேசிவிட்டேன். இன்று மதியம் ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறி சாப்பிட்டுக்கொண்டே அதைத்தான் யோசித்தேன். வாழை இலை, சோறு, புளிக்குழம்பு, வெண்டைக்காய் எல்லாம் நம்முடையது. ஆனால் ஒரு முழு மீன்தலையைச் சட்டியில் போட்டு நடு மேசையில் வைப்பது இங்கே பிறந்தது. கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்பவர் 1949இல் சோஃபியா சாலையில் தொடங்கினார் என்பார்கள். மீன்தலையைச் சீன வாடிக்கையாளர்கள் விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து அதைக் குழம்பில் போட்டாராம். இப்போது முத்தூஸ் கறி, பனானா லீஃப் அப்போலோ இரண்டும் அந்தச் சாலையில் இருக்கின்றன. அப்பாவுக்கு வீட்டுச் சோறு சாப்பிட்ட நிறைவும் இருக்கும், புதியதைப் பார்த்ததும் ஆகும். அம்மாவுக்கு அங்கேயே இலையில் சைவச் சாப்பாடு கிடைக்கும்.


கடையநல்லூர்ப் பேரன்
மே 13, இரவு 7:30

மீனின் கண்ணை அப்பாவுக்கு விட்டுக்கொடுங்கள்.


மல்லிப்பூ
மே 14, காலை 9:10

நேற்றிரவு படுத்த பிறகு இன்னொன்று நினைவு வந்தது. புத்து பிரிங். பெயரைச் சொல்லிப் பாருங்கள், நம் புட்டுதான். பிரிங் என்றால் மலாயில் தட்டு. அரிசி மாவை மூடிபோல் சின்ன அச்சில் வைத்து, நடுவில் குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லத்தை வைத்து, துணியில் சுற்றி ஆவியில் வேகவைப்பார்கள். பாண்டான் இலையின் மேல் வைத்து உப்புச் சேர்த்த தேங்காய்த் துருவலோடு தருவார்கள். கடிக்கும்போது வெல்லம் உருகி வழியும், சூடு ஜாக்கிரதை. முட்டை இல்லை, இறால் இல்லை. பாய லேபார் எம்ஆர்டி பக்கத்தில் ஹெய்க் ரோடு உணவங்காடி நிலையத்தில் கிடைக்கும். உங்கள் அம்மாவுக்கு நான் ஒரே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.


கோப்பி ஓ
மே 14, காலை 9:25

அருமை அக்கா. அப்பாவுக்காக நானும் இன்னொன்று சேர்க்கிறேன். காலையில் பூமலையில் (தாவரவியல் பூங்கா) மெதுவாக ஒரு நடை, பிறகு ஆடம் ரோடு உணவங்காடி நிலையத்தில் செலேரா ராசா கடையின் நாசி லெமாக். தேங்காய்ப்பாலில் வேகவைத்த பாசுமதி அரிசிச் சோறு, பொரித்த கோழி இறக்கை, நெத்திலி, சம்பால். வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார். இரவில் ஒரு நாள் லாவ் பா சாட் உணவங்காடி. 1894இல் கட்டிய எண்கோணக் கட்டடம், இரும்புத் தூண்கள் எல்லாம் ஸ்காட்லாந்தில் வார்த்துக் கப்பலில் வந்தவை. ஏழு மணிக்குப் பக்கத்துத் தெருவை அடைத்து மேசை போட்டுக் கரியடுப்பில் சத்தே, அதாவது குச்சியில் கோத்த கறி சுடுவார்கள். மாட்டிறைச்சியும் அதே அடுப்பில் வரும், அப்பாவுக்குக் 'கோழி, ஆடு மட்டும்' என்று அழுத்திச் சொல்லுங்கள்.


கந்தகபூமி
ஜூன் 29, இரவு 10:15

நேற்றிரவு அப்பா அம்மாவை விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். வீடு வெறிச்சென்று இருக்கிறது. உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு ஜாலான் காயு புரோட்டா முதல் நாள் பிடிக்கவில்லை. "மாவு நன்றாகப் பிசைந்திருக்கிறான், ஆனால் சால்னா போதாது" என்றார். கடையநல்லூர் அண்ணன் சொன்னதை நான் முன்கூட்டியே சொல்லியும் கேட்கவில்லை. ஆனால் மறுபடியும் போகலாம் என்று அவராகவே இரண்டு முறை கேட்டார். கடைசி நாள் கல்லுக்கு முன்னால் நின்று மாஸ்டரோடு தமிழிலேயே அரை மணி நேரம் பேசினார். அவருக்கு இராமநாதபுரம் பக்கமாம். மாவில் எவ்வளவு நெய், எத்தனை மணி நேரம் ஊற வைப்பது என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார்.

சூப் தூலாங் பற்றி நான் எழுதத் தேவையே இல்லை. சட்டையில் ஐந்து இடத்தில் சிவப்புக் கறை. அந்தச் சட்டையைத் துவைக்காமல் பெட்டியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார், சித்தப்பாவிடம் காட்டுவாராம். மேக்ஸ்வெல்லில் ஐம்பது நிமிடம் வரிசையில் நின்றேன், அவர்கள் கரும்புச் சாறு குடித்தார்கள். தட்டு திருப்பி வைக்கும் வேலையை முதல் நாளே அப்பா எடுத்துக்கொண்டார். இரண்டாம் நாளிலிருந்து பக்கத்து மேசைப் பெரியவர்களின் தட்டையும் சேர்த்து எடுத்துப்போய்ச் சரியான அடுக்கில் வைத்தார்.

ரசம் கேட்டது ஐந்தாம் நாள். ஜூரோங் அண்ணே, அன்று மதியமே கோமள விலாஸுக்குக் கூட்டிப்போய்விட்டேன்.

வாட்டர்லூ தெருவில் அம்மா கிருஷ்ணன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி ஊதுவத்தியோடு நின்றிருந்தார். அம்மாவின் முழங்காலைப் பார்த்து, கைப்பிடியைக் காட்டி ஏதோ சொன்னார். இரண்டு பேருக்கும் மொழி தெரியாது. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினார். ஃபார்ச்சூன் சென்டரில் சாப்பிட்ட காளான் குழம்பை அம்மா, "உப்பு, காரம் கம்மி, ஆனால் வயிற்றுக்கு இதமாக இருக்கிறது" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

மல்லிப்பூ அக்கா, உங்கள் புத்து பிரிங். அம்மா ஒன்றை எடுத்து வாயில் வைத்ததும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. என் பாட்டி, அதாவது அம்மாவின் அம்மா, கருப்பட்டியும் தேங்காயும் போட்டு இதே போலச் செய்வாராம். பாட்டி போய் முப்பது வருடம் ஆகிறது. அம்மா இதுவரை எங்களிடம் அந்தப் புட்டைப் பற்றிச் சொன்னதே இல்லை. அன்று பாய லேபார் வரை நடக்கும் வழியெல்லாம் பாட்டியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையிலேயே மறுபடி போனோம், கடை திறந்திருக்கவில்லை. திறக்கும் வரை காத்திருந்து பத்து வாங்கினோம்.


மல்லிப்பூ
ஜூன் 29, இரவு 10:50

படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது தம்பி. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


கடையநல்லூர்ப் பேரன்
ஜூன் 29, இரவு 11:20

அந்தச் சட்டையை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். சால்னா விஷயத்தில் அவர் சொல்வது நியாயம்தான், அதை இங்கே யாரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை.


கந்தகபூமி
ஜூன் 30, காலை 7:05

சொல்லிவிடுகிறேன் அக்கா. இன்னொரு செய்தி. அம்மா ஊரில் இறங்கியதும் சம்பந்தி வீட்டுக்குத்தான் முதலில் போன் போட்டிருக்கிறார். இப்போது தீபாவளிக்கு என் மாமியார் வருகிறார். அவரும் சைவம். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார். எங்கே கூட்டிப்போவது?


மல்லிப்பூ
ஜூன் 30, காலை 7:20

வாட்டர்லூ தெருவுக்கே மறுபடியும் போங்கள் தம்பி. உங்கள் அம்மாவைவிட அவருக்குத்தான் அந்தச் சாப்பாடு இன்னும் பிடிக்கும்.